தஞ்சாவூருக்குக் கலியாணம் கட்டப் போனேன்

தஞ்சாவூரில் முதல் நாள் எங்களுக்கு இலேசில் அறை கிடைக்கவில்லை. மூன்று லொட்ஜுகளில் ஏறி இறங்கினோம். வாயைத் திறக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஒரு அறை வேணும், பத்து நாளைக்கு" என்று அப்பா சொன்னதும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"சிலோனா?"

"ஓம். திருகோணமலை."

"தப்பா நினைக்காதீங்க பெரியவரே. சிலோன்காரங்களுக்கு ரூம் குடுத்தா ஸ்டேஷன்ல எங்களத்தான் கேள்வி கேக்குறாங்க."

மூன்றாவது லொட்ஜின் படியில் இறங்கும்போது அப்பா, "அடுத்த இடத்தில நீர் கதையும் பிள்ளை. நான் வாய் திறக்கமாட்டன்" என்றார். அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். உயரத்தில் தனியே இருந்து வேலை செய்த மனிதர். இப்படிப் படியேறிப் படியிறங்கிக் கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை.

நான் பள்ளிக்கூட ரீச்சர். புத்தகத் தமிழ் எனக்குக் கஷ்டமில்லை. நாலாவது லொட்ஜில், "ஐயா, நாங்கள் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்குமா?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டேன்.

மனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, காதில் ஒரு பென்சில். "கேரளாவுலேர்ந்து வர்றீங்களா?" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த பிறகு எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. திருகோணமலை என்றேன். கலியாணத்துக்கு வந்திருக்கிறோம் என்றேன். யாருக்குக் கலியாணம் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். மனேஜர் வாசலை எட்டிப் பார்த்தார். கலியாணக் கூட்டத்தைத் தேடுகிறார் என்று விளங்கியது. வாசலில் இரண்டு சூட்கேசுகள் மட்டும் நின்றன.

"பெட்டி ரெண்டும் இங்கயே இருக்கட்டும்மா. ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் நெடுநேரம் சுவரோர வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பெயர்களை எழுதிய கான்ஸ்டபிள், "திருகோணமலைன்னா குளிரா இருக்குமோ?" என்று அப்பாவிடம் கேட்டார். "இல்லைத் தம்பி. மலை சின்னன். மற்றதெல்லாம் கடல்" என்றார் அப்பா. நான் என்னையறியாமல் கைப்பையைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தேன். ஊரில் சீருடையைக் கண்டால் கை தானாகச் செய்கிற வேலை அது. கான்ஸ்டபிள் பையையும் என்னையும் பார்த்தார். "அதெல்லாம் வேணாம்மா. மூடுங்க" என்றார். எனக்கு ஏனோ வெட்கமாகப் போய்விட்டது.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. சண்டை முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஊரைவிட்டு ஓடி வெளிநாட்டில் அகதியாகப் பதிந்த ஆண்கள் திரும்பி வர ஏலாது. ஊரில் இருக்கிற பெண்களுக்கு அங்கே போக விசா கிடையாது. அதனால் மாப்பிள்ளை ஒரு பக்கத்தாலும் பெண் மறுபக்கத்தாலும் இந்தியாவுக்கு வந்து தாலி கட்டிக்கொண்டார்கள். அநேகமானோர் திருச்சிக்கோ சென்னைக்கோ போவார்கள். என்னைக் கட்ட இருந்த தவராசா சுவிஸிலிருந்து தஞ்சாவூர்தான் வேண்டுமென்று எழுதியிருந்தார். திருகோணமலைக்குப் பக்கத்தில் சாம்பல்தீவில் அவர்கள் வீட்டு முன்னறையில் பெரிய கோயிலின் படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கியதாம். வருடம் போன பிறகும் தாயார் அதைக் கழற்றவில்லையாம். அந்தக் கோயிலின் முன்னால் ஒருநாள் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தார்.

அந்த வீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடவேண்டும். அந்த வீடு இல்லை. தொண்ணூறில் எல்லோரும் ஊரைவிட்டு ஓடியபோது எரிந்தது. எஞ்சிய சுவர்களையும் பிறகு, தெருவோரக் காவலரணுக்குப் பார்வை மறைக்கிறது என்று இடித்துத் தள்ளிவிட்டார்கள். நிலாவெளி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அந்த வெறும் நிலத்தைக் கண்டிருக்கிறேன். தவராசாவின் தாயார் நேசம் மாமி நகருக்குள் உவர்மலையில் ஒரு உறவினர் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார். ஆனால் மகனுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் வீடு இருந்தது. வெள்ளையடித்தோம், மா காய்த்தது, கூரையில் குரங்கு ஏறி ஓடு உடைந்தது என்று எட்டு வருடமாக எழுதிக்கொண்டே இருந்தார்.

புறப்பட முதல்நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, வீட்டைப் பற்றிக் கேட்டானெண்டால் இருக்குதெண்டு சொல்லும். தாலி ஏறட்டும். பிறகு நானே சொல்லுறன்" என்றார். நான் சரியென்று தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் காலை மனேஜர் சொன்ன கடையில் சாப்பிட்டோம். இட்டலியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. சட்னி மட்டும் நாலு விதம். கோப்பியை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றித் தந்தார்கள். மத்தியானம் வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக வந்தது. அப்பா கடைசிவரை எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். இலையை மூடிவிட்டு, "உப்பிருக்கு, புளியிருக்கு. கடல் இல்லை" என்றார். எனக்கும் ஒரு கரண்டி மீன் சொதி கிடைத்தால் போதுமென்று இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பெரிய கோயிலுக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைத்தால் பொரிந்தது. இரண்டு பேரும் குதித்துக் குதித்து ஓடிக் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் போய் நின்றோம். அங்கே ஒரு வழிகாட்டி பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் எந்த நேரத்துலயும் தரையில விழாது. அதான் சோழ ராஜாவோட சாமர்த்தியம்." பிள்ளைகள் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என் காதருகில், "அப்ப நாங்கள் இப்ப நிக்கிறது என்னத்தின்ர நிழலில பிள்ளை?" என்றார்.

அவருக்கு நிழலில் அக்கறையில்லை. உச்சியில் இருக்கிற கல்லில்தான் அவர் கண் இருந்தது. எத்தனை தொன் இருக்கும், எங்கே கயிறு கட்டியிருப்பார்கள், சாய்வு மண் எவ்வளவு தூரத்துக்குப் போட்டிருப்பார்கள் என்று நடந்து நடந்து பார்த்தார். கடைசியில் புல்லில் உட்கார்ந்து, "நானெண்டால் ஏலாதெண்டு சொல்லியிருப்பன்" என்றார். அதை அவர் மரியாதையோடு சொன்னார்.

நான் மதிலின் ஓரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருடமாக ஒரு கட்டடம் இடிபடாமல் நிற்பதை அவ்வளவு கிட்டப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் தினமும் தோணித்துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்ப் பாடம் எடுப்பவள். போகும்போது இருந்த கட்டடம் வரும்போது இருக்கும் என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் தவராசா வந்தார். அவரைக் கூட்டிவர நாங்கள் பழைய பஸ் நிலையத்துக்குப் போய் இரண்டு மணித்தியாலம் நின்றோம். அவர் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, நாங்கள் ரெலிபோனில் சொல்லியிருந்த லொட்ஜைத் தேடிப் போயிருந்தார். அந்த ஊரில் இரண்டு இருப்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. களைத்துத் திரும்பி வந்தால் லொட்ஜ் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வாயைத் திறந்தபடி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். படத்தில் இருந்ததைவிட முடி குறைவு. காலில் தடித்த குளிர்காலச் சப்பாத்து.

"மாப்பிள்ளை வந்து காபி சாப்ட்டாச்சு" என்றார் மனேஜர்.

தவராசா திடுக்கிட்டு எழுந்து கதிரையைத் தட்டி விழுத்தினார். அப்பாவைப் பார்த்து, "வாங்கோ மாமா" என்று ஏதோ தன் வீட்டுக்கு நாங்கள் வந்தது போல் வரவேற்றார். அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்தது. பேசிப் பார்த்ததில் அவருடைய தமிழ் அப்படியே சாம்பல்தீவுத் தமிழாக இருந்தது. பன்னிரண்டு வருடம் அந்நிய நாட்டில் இருந்தும் ஒரு சொல் மாறவில்லை. எங்கள் பேச்சில் புகுந்துவிட்ட செக்கிங், ரவுண்டப் எல்லாம் அவருக்குப் புதிது.

அடுத்த நாள், தனக்குக் கால் உளைகிறது, நீங்கள் ரெண்டு பேரும் போய் அரண்மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் அப்பா. அவருக்குக் கால் உளையவில்லை. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே நாலு வார்த்தை பேசட்டும் என்று நினைத்திருக்கிறார்.

அரண்மனை எனக்குக் கோயிலைவிடப் பழசாகத் தெரிந்தது. உண்மையில் அது பல நூறு வருடம் பிந்தியது. தர்பார் மண்டபத்துச் சுவரில் வர்ணம் உரிந்து கிடந்தது. வளைவுகளில் புறாக்கள். ராசாக்கள் உட்கார்ந்த இடத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு மனிதர் மனைவியிடம், "இத்தனை பெரிய வீட்ட யாரு பெருக்குறது?" என்றார். அந்த அம்மாள், "ராணியா பெருக்குனா?" என்றாள். தவராசா சிரித்தார்.

உள்ளே ஒரு கூடத்தில் எதிர்பாராமல் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடந்தது. சோழர் சிலைகளையும் கல்லெழுத்துகளையும் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றோம். பக்கத்துக் கரை ஒன்றில் ஒதுங்கியதாம். விலா எலும்புகள் படகு கட்டுகிற வாடியில் நிற்கும் வங்குச் சட்டங்கள் போல வளைந்து நின்றன.

"சல்லிக் கரையிலயிருந்து கடலுக்குப் போற ஆக்கள் இதைக் கண்டால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இருப்பினம்" என்றார் தவராசா. "தன்ர பாட்டில போகட்டுமெண்டு."

"கோணேசர் மலையில நிண்டாலும் தெரியும். தண்ணி பீச்சுறது" என்றேன்.

"நீங்கள் இப்பவும் அங்க போறனீங்களோ?"

"ஆமி விடுற நாட்களில போறனான்."

அந்தக் கூடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. அவர் எலும்புக்கூட்டைச் சுற்றியிருந்த தடுப்பில் கையூன்றிக்கொண்டு வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சண்டை முடிந்தால் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிடுவாராம். முன்னறையை உடைத்துக் கொஞ்சம் பெரிதாக்கவேண்டுமாம். குசினியைப் பின்னுக்குத் தள்ளினால் எனக்கு வேலை செய்யச் சுகமாக இருக்குமாம். "அம்மா ஓடு மாத்தினதெண்டு எழுதினவா. எந்தப் பக்கத்து ஓடு? தெருப் பக்கமோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒற்றைச் சொல். மாமிக்குத் தலையாட்டியும் இருந்தேன். ஆனால் இன்றைக்கு ஓடு, நாளைக்குக் குசினி, அடுத்த வருடம் மாமரம் என்று நானும் அந்த வீட்டை அவருக்குக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. மாமி அவருக்குத் தாய். தாய் சொன்ன பொய்யை அவர் மன்னிப்பார். என்னை அவருக்கு ஒரு நாள்தான் தெரியும்.

"வீடு இல்லை" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "எந்த வீடு?"

"உங்கட வீடு. தொண்ணூறிலயே எரிஞ்சது. சுவரையும் பிறகு இடிச்சுப்போட்டினம். மாமி உவர்மலையில ஒரு அறையில இருக்கிறா. நீங்கள் தாங்கமாட்டீங்களெண்டு உங்களுக்கு எழுதேல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தடுப்பில் வைத்திருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "வாங்கோ, உங்களை லொட்ஜில விடுறன்" என்றார். என்னை வாசலில் இறக்கிவிட்டு வந்த ஓட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலை அவருடைய அறை பூட்டிக் கிடந்தது. அவர் பொழுதுபட வந்து, விடியும்போதே போய்விட்டதாக மனேஜர் சொன்னார். "நாகப்பட்டினம் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு. நாளைக்கு முகூர்த்தத்த வச்சிக்கிட்டு மாப்பிள்ளை எங்கம்மா போறாரு?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா யன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே தெருவில் ஒருவர் வாழைத்தார்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் அப்பா திரும்பினார்.

"நீர் சொன்னது பிழையெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். "ஆனால் நானெண்டால் சொல்லியிருக்கமாட்டன்."

"அவர் திரும்பி வராட்டி?"

"வராட்டி ஊருக்குப் போவம். வேற என்ன செய்யிறது?"

மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகவில்லை. மனேஜர் கேளாமலே இரண்டு பொட்டலம் தயிர்ச்சோறு அனுப்பினார். மடித்து வைத்த கூறைச்சேலையைச் சூட்கேசிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அம்மா உயிரோடு இருந்தபோது எனக்கென்று வாங்கி வைத்தது. கடலைக் கடந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்படியே திருப்பிக்கொண்டு போகப்போகிறேனோ என்று நினைத்தபோது முதன்முறையாகப் பயம் வந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அதை இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன். பயமாகத்தான் இருந்தது.

பொழுது சாய அவர் வந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் கறுத்திருந்தன. கால்சட்டை முழங்கால்வரை உப்பு. அப்பாவும் நானும் கீழே வாசலில் நின்றோம்.

"கடலைப் பாத்திட்டு வந்தனான் மாமா" என்றார். கதிரையில் உட்கார்ந்தார். "கரையில இருந்தனான். நேரே எதிரே எங்கட ஊர்தான் எண்டு நினைச்சுக்கொண்டு. ஒரு பொலிஸ்காரர் வந்து என்னத்துக்கு இருக்கிறாயெண்டு கேட்டார். செத்த வீடு எண்டன். யார் செத்தது எண்டார். வீடுதான் எண்டன். அவருக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஒரு ரீ வாங்கித் தந்து, பொழுதுபட முதல் போயிடு எண்டார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கிணறு?"

"கிணறு இருக்குது."

"ஆர் அள்ளுகினம்?"

"காவலரணில நிக்கிறவை அதிலதான் குளிக்கிறவை. பஸ்ஸில போகேக்க கண்டிருக்கிறன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஆடியது. அப்பா அவர் முதுகில் கை வைத்தார். மனேஜர் தன் பேரேட்டில் எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்சம் தெளிந்ததும், "ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே. ஏன் இப்ப சொன்னனீர்?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு நாள் பொறுத்திருந்தால் நானும் உங்களை ஏமாத்தித்தான் கட்டினதாயிருக்கும்" என்றேன்.

அவர் நீங்கள் என்பதை விட்டு நீர் என்று சொன்னதை நான் பிறகுதான் கவனித்தேன். எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதியை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாளைக்கு ஏலாது மாமா" என்றார் அப்பாவிடம். "குறை நினைக்காதேங்கோ. எனக்கு இண்டைக்குத்தான் துடக்கு."

சாவு நடந்த வீட்டுக்காரர் காக்கிற தீட்டை நாங்கள் துடக்கு என்போம். அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை. ஒரு வீட்டுக்குத் துடக்குக் காத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவும் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அவர், "எத்தினை நாள் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு நாள் போதும். பிறகு லீவும் இல்லை."

கலியாணம் மூன்று நாள் தள்ளிப்போனது. ஐயரிடம் போய் வேறு நேரம் கேட்டுவந்தவர் மனேஜர்தான். காரணம் என்னவென்று ஐயர் கேட்டதற்கு, மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மூன்று நாளும் தவராசா கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. அந்தக் கோயிலுக்காகவே தஞ்சாவூரைக் கேட்டு வந்த மனிதர், தினமும் மாலையில் அகழிக்கு இந்தப் பக்கம் தெருவோரத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்தார். அப்பாவும் கூடப் போனார். உச்சிக் கல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று அப்பா விளக்குவதும், இவர் நடுவே கேள்வி கேட்பதும் எனக்குக் கேட்கும். வழியில் கடலை விற்ற ஒரு கிழவர், "உள்ள போயிப் பாக்கலாமே, காசு கிடையாதே" என்றார். "நாளையிண்டைக்குப் போவம்" என்று பதில் சொன்னார் தவராசா. நாளை மறுநாள் என்பது கிழவருக்கு விளங்கியிருக்காது.

பகலில் லொட்ஜ் வாசலில் இருந்து, வீடிருந்த நிலத்தை வரைந்து காட்டும்படி என்னிடம் சொன்னார். அது இப்போது இருக்கிற மாதிரியே நான் கொப்பித் தாளில் வரைந்தேன். தெரு, முட்கம்பி, மண்மூட்டை, கிணறு. அவர் அதே தாளில் வேறு நிறப் பேனையால் எது எங்கே இருந்தது என்று போட்டார். வாசற்படி இங்கே. அலுமாரி இங்கே. அவருடைய அப்பர் சாய்மனைக் கதிரையைப் போடுகிற இடம் இங்கே. தங்கச்சி விழுந்து பல்லுடைத்த இடம் இங்கே. முன்னறைச் சுவரைப் போடும்போது மண்மூட்டைகளுக்கு மேலாகக் கோடு போனது. அவர் கோணலாகாமல் அதை நேராகவே இழுத்தார். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள மூன்று நாளில் இதைவிட நல்ல வழி இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று நாள் துடக்குக் கழிந்த மறுநாள் விடிய மூவரும் குளித்துப் பெரிய கோயிலுக்குள் போனோம். கல் குளிர்ந்திருந்தது. தவராசா நந்திக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "கலண்டரில இவ்வளவு பெரிசாத் தெரியேல்ல" என்றார். அங்கிருந்து ஒரு சின்ன முருகன் கோயிலுக்குப் போய்த் தாலி கட்டினார். ஐயர், அப்பா, மனேஜர், மனேஜரின் மனைவி. அவ்வளவுதான் கூட்டம். பதிவுப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தபோது மனேஜர், "மொத நாளு உங்கள அனுப்பி விட்ருப்பேன்மா. அந்தக் கேரளாவுலதான் மாட்டிக்கிட்டேன்" என்றார்.

அடுத்த நாள் தவராசா ஒரு பக்கம் போனார். நாங்கள் மறுபக்கம் வந்தோம்.

திருகோணமலைக்குள் நுழைகிற சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவர் கடவுச்சீட்டை விரித்து, "இந்தியாவுக்கு என்னத்துக்குப் போனது?" என்று கேட்டார். கலியாணம் கட்ட என்றேன். என் கழுத்தைப் பார்த்தார். "அப்ப மாத்தயா எங்க?" புருசனைத்தான் கேட்கிறார். சுவிஸில் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சிங்களத்தில் கூட நின்றவரிடம் எதையோ சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. போகச் சொன்னார்கள்.

வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நான் தனியே உவர்மலைக்கு நடந்தேன். ஏற்றம் முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். நேசம் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டீர்" என்றார்.

"ஓம் மாமி. சொல்லிப்போட்டன்."

அவர் என்னைத் திட்டவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் பாயில் உட்கார்ந்தேன்.

"அழுதவனோ?"

"அழுதவர். கடற்கரைக்குப் போய் இருந்திட்டு வந்தவர். பிறகு வீட்டுக்கெண்டு மூண்டு நாள் துடக்குக் காத்தவர். அதாலதான் கலியாணம் பிந்தினது."

மாமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். அந்த வீடு எரிந்த நாளில் அவர் அழவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஓடுகிற அவசரம். அதற்குப் பிறகு கடிதத்தில் அந்த வீட்டை ஒவ்வொரு மாதமும் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவர் எங்கே இருந்து அழுவது? அன்றைக்கு அழுதார். நெடுநேரம் அழுதார். நான் புடைத்த அரிசியை அள்ளிப் பானையில் போட்டு, அடுப்பை மூட்டி, உலை வைத்தேன்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தார். என் தாலிக்கொடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். சரியென்று விட்டார்.

"எட்டு வருசமா வீட்டைப் பற்றித்தான் எழுதினனான்" என்றார். "இனி என்னத்தை எழுதுறது பிள்ளை?"

"உள்ளதை எழுதுங்கோ மாமி."

"உள்ளது என்ன இருக்குது?"

தாளும் பேனையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்குக் கண் பார்வை மங்கி வந்தது. இனிமேல் நான்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். நான் எழுதினேன்.

"மகனுக்கு, நான் இருக்கிறது உவர்மலையில ஒரு அறை. சின்னன்தான். மழைக்கு ஒரு மூலை ஒழுகும். கீழ சட்டி வைச்சிருக்கிறன். ஒரு யன்னல் இருக்குது. அதால துறைமுகம் தெரியும். இண்டைக்கு அதில மூண்டு கப்பல் நிக்குது."

நான் மூன்று என்று எழுதப் போனேன். மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறும் பிள்ளை. சரியாப் பாத்துச் சொல்லுறன்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து யன்னலண்டை போனார்.